நாளொரு வேஷம், நாளொரு சித்திரம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இம்மேடையில் பேசுவோர் பெரும்பாலும் இலக்கியம் கற்ற அன்பர்கள். நாமோ பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளி வருகிறோம். ஆதலால் பெரிய விஷயங்களை விட்டுவிட்டு, நம் காலனி வீடுகளில் நாள்தோறும் எழும் ஒரு வழக்கையே பொருளாக எடுத்துக்கொண்டோம். கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் செல்போன் யார் கையில் இருப்பது என்னும் வழக்குத்தான் அது.

பிள்ளைகள் செல்போனில் வீடியோ மட்டும் பார்க்கிறார்கள் என்று எண்ணிவிடலாகாது. சிலர் அதில் படமும் வரைகிறார்கள். விரலாலோ, ரப்பர் முனை வைத்த பேனாவாலோ கண்ணாடித் திரையில் கோடிட்டு வண்ணம் தீட்டுகிறார்கள். அவற்றை நாம் கண்டு மகிழ்ந்ததுண்டு. ஆயினும் ஒரு குறை கண்ணில் படுகிறது. எல்லாம் முகங்கள், அகன்ற விழிகள், கூரிய மோவாய், வெளிநாட்டுக் கார்ட்டூன்களில் வரும் சாயல். கழுத்துக்குக் கீழே படம் நின்றுவிடுகிறது. கையும் காலும் எழுதுவது கடினம் என்பதால் மறுநாள் வேறொரு முகம் தொடங்கப்படுகிறது. பிறரைப் பார்த்து எழுதுவது தொடக்கத்திற்கு நன்றே. ஆனால் எழுதத் தொடங்கிய உருவத்தை முடிக்கும் வழக்கம் வராவிட்டால் கை வளராது.

இதற்கு மேல்நாட்டார் ஒரு வழி கண்டனர். ஜேக் பார்க்கர் என்னும் அமெரிக்கச் சித்திரக்காரர், தம் மைக்கோடு சீர்பட வேண்டுமென்று 2009ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நாளுக்கு ஒரு படமாக எழுதும் விரதம் பூண்டார். 'இங்க்டோபர்' என்று பெயர் பெற்ற அவ்வழக்கம் உலகெங்கும் பரவிற்று. மாதத்திற்கு 31 நாள், 31 படம். அதையொட்டிப் பண்டிகை விடுமுறைகளில் நாளொரு கதாபாத்திரம் எழுதும் போட்டிகளும் தோன்றின. திறமையைக் காட்டுவதை விட, நாள் தவறாமல் கையைப் பழக்குவதே இவற்றின் நோக்கம்.

இது நல்ல வழிதான். ஆனால் நாளொரு பாத்திரத்திற்கு அமெரிக்கா வரை போக வேண்டுவதில்லை. நாம் குடியிருக்கும் இந்தத் திருப்பதி நகரமே ஆண்டுதோறும் மே மாத வாக்கில், பள்ளிகள் மூடியிருக்கும் காலத்தில், நாளுக்கொரு வேஷமாக ஏழு வேஷங்களை வீதிக்குக் கொண்டு வருகிறது. தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாதரையைத்தான் சொல்கிறோம்.

கங்கம்மா திருவேங்கடமுடையானின் தங்கை என்பது இவ்வூரார் நம்பிக்கை. ஜாதரைக்குத் திருமலை தேவஸ்தானத்திலிருந்து சீர் வருகிறது. அவள் கதையும் சுவையானது. ஊர்ப் பெண்களுக்குத் தீங்கிழைத்து வந்த பாளையக்காரன் ஒருவன் அவளிடமும் தகாது நடக்க முற்பட்டான். அவளுடைய உக்கிரத்தைக் கண்டு ஓடி ஒளிந்தான். அவனைத் தேடி அவள் நாளுக்கொரு வேஷம் பூண்டு தெருத்தெருவாக அலைந்தாள். துரை வேஷத்தில் வந்தபோது தனக்கு ஒப்பான துரை ஒருவர் வந்திருக்கிறார் என்று நம்பி அவன் வெளிப்பட, அவனைச் சம்ஹரித்தாள். மறுநாளே மாதங்கி வேஷம் பூண்டு, அவனுடைய மனைவியைத் தேற்றச் சென்றாள் என்று கதை முடிகிறது. இந்நாளில் பக்தர்கள் வேண்டுதலாக அவ்வேஷங்களைப் பூண்டு வருகிறார்கள். ஜாய்ஸ் ஃப்ளுக்கிகர் என்னும் அமெரிக்கப் பேராசிரியை இங்கு வந்து தங்கி ஆராய்ந்து, இந்தத் திருவிழாவைப் பற்றி 2013இல் முழு நூலொன்று வெளியிட்டார். கடல் கடந்து வந்தவர் கண்டதை, நான்கு தெரு தள்ளியிருக்கும் நாம் கூட்டத்திற்கும் வெயிலுக்கும் அஞ்சிச் சன்னலைச் சாத்திவிட்டுக் காணாதிருக்கலாமா?

இந்த ஏழு வேஷங்களும் சித்திரம் பயிலும் பிள்ளைக்கு ஏழு பாடங்கள் என்று சொல்லத் துணிகிறோம்.

புதன்கிழமை பைராகி வேஷம். உடல் முழுதும் நாமக்கட்டியின் வெண்மை. வெள்ளைத் திரையில் இதை எழுத முடியாது. திரையைக் கருநீலத்தால் நிரப்பிவிட்டு, வெள்ளை ஒன்றைக் கொண்டே உருவத்தை எழுப்ப வேண்டும். ஒளி எங்கே விழுகிறது என்று பார்க்கும் பாடம் இது.

வியாழக்கிழமை பண்ட வேஷம். தெலுங்கில் 'பண்ட' என்றால் முரடு. மேனியெங்கும் குங்குமம், வாயில் வசைச்சொல், அன்று ஒருநாள் அதற்கு ஊரார் அளித்த உரிமை உண்டு. இவ்வேஷக்காரர் ஓரிடத்தில் நிற்கமாட்டார். ஆகவே நிமிஷத்திற்கு ஒன்றாகப் பத்துக் கோட்டுருவங்கள் எழுதி, அவற்றில் ஓட்டம் தெரிவதை மட்டும் எடுத்துச் சிவப்பால் முடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை தோட்டி வேஷம். உடலெல்லாம் கரி. உருவத்தை முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பார்க்க வேண்டும். கண்ணும் மூக்கும் இல்லாமல் விளிம்பு ஒன்றாலேயே ஆள் அடையாளம் தெரிகிறதா? தெரியவில்லையென்றால் நிற்கும் நிலை சரியில்லை என்று பொருள்.

சனிக்கிழமை துரை வேஷம். சந்தனப் பூச்சு. துரைத்தனம் எங்கே இருக்கிறது? நிமிர்ந்த மார்பில், பின்சாய்ந்த தலையில், ஒரு காலை முன்வைத்த மிடுக்கில். அன்றைக்கு முதுகெலும்பின் கோட்டை முதலில் எழுதிக்கொண்டு, அதன்மேல் உருவத்தை அமைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாதங்கி. ஆடவர் சேலை உடுத்தி வருவர். துணி எங்கே தொங்குகிறது, எங்கே இறுகுகிறது, மடிப்பு எந்த எலும்பிலிருந்து புறப்படுகிறது என்று பார்க்கும் நாள் அது. நேற்றுக் கொன்றவளே இன்று தேற்ற வந்திருக்கிறாள் என்பதை அந்தக் கைகளில் காட்ட முடிந்தால் அது சித்திரம்.

திங்கட்கிழமை சுண்ணாம்புக் குடங்கள். தலைமேல் குடத்தைத் தாங்கி நடப்பார்கள். தலைச்சுமை எந்தப் பாதத்தின் மேல் இறங்குகிறது என்று நேர்க்கோடு இட்டுப் பார்த்தால், உடல் சாயாமல் நிற்கும் இரகசியம் விளங்கும்.

செவ்வாய்க்கிழமை ஜாதரை நாள். மூங்கிலால் கோபுரம் போலக் கட்டிய சப்பரங்களைத் தலையில் ஏந்தியவர்களும், வேண்டுதலுக்காகச் சேலை கட்டிய ஆண்களுமாகக் கூட்டம் கடல்போல் இருக்கும். அத்தனை பேரையும் எழுத நினையாமல், ஒருவரைத் தேர்ந்தெடுத்து எழுதுவதே அன்றைய பாடம்.

அன்பர்களே, இவ்வேழு நாளில் முக்கியமாகக் கவனிக்கத் தக்கது ஒன்று உண்டு. புதனன்று பைராகியாக வந்த இளைஞனே ஞாயிறன்று மாதங்கியாகவும் வரக்கூடும். முகம் அதே முகம். மாறியது நடை, நிற்கும் விதம், கையின் போக்கு. ஒரு பாத்திரத்தின் குணம் உடம்பு முழுவதும் பரவிக் கிடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பள்ளி கற்பிக்கும்? முகத்தோடு நின்றுவிடும் நம் பிள்ளைகளுக்கு வேண்டிய மருந்து இதுவே. 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்குக் கோபுலு அவர்கள் எழுதிய சித்திரங்களைப் பார்த்தவர்கள் நாம் சொல்வதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

இனி, கருவியைப் பற்றி இரண்டொரு வார்த்தை. விலையுயர்ந்த டேப்லெட் இல்லாமல் இது நடவாது என்று எவரும் மலைக்க வேண்டாம். வீட்டிலுள்ள செல்போனே தொடக்கத்திற்குப் போதும். கணினி உள்ள வீட்டில் 'கிரிட்டா' என்னும் செயலியை விலையின்றி இறக்கிக்கொள்ளலாம். முதல் லேயரில் இளம் நிறத்தில் கோட்டுருவம், இரண்டாவதில் திருத்திய கோடு, மூன்றாவதில் வண்ணம். வரைந்ததைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திருப்பிப் பார்த்தால், கோணல் எங்கே என்பது உடனே தெரிந்துவிடும். பின்னர் மலரில் அச்சிட எண்ணமிருந்தால், தொடங்கும்போதே ஏ4 தாளுக்கு 2480க்கு 3508 புள்ளி என்று அளவு வைத்துக்கொள்ளல் வேண்டும். அதுவே அங்குலத்திற்கு 300 புள்ளிக் கணக்கு. சிறிய அளவில் எழுதிப் பிற்பாடு பெருக்கினால் அச்சில் மங்கிப்போகும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினாலும் சுருங்கிவிடும். கோப்பாக அனுப்புவதே தக்கது.

இக்கருவியில் ஒரு வசதி உண்டு. அதுவே இடையூறாகவும் முடிகிறது. பிடிக்காத கோட்டை ஒரு தட்டில் மறையச் செய்யலாம். இதனால் ஒரு கோட்டை இருபது முறை போடுவதும் அழிப்பதுமாகப் பொழுது கழிகிறது. இங்கிருந்து ஏறத்தாழ 36 கிலோமீட்டர் தொலைவில், ரேணிகுண்டா – கூடூர் மார்க்கத்திலுள்ள ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரி ஓவியர்களை நினைத்துப் பாருங்கள். துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துகிறார்கள். எரித்த புளியங்குச்சிக் கரியால் உருவத்தை இலேசாகக் குறிக்கிறார்கள். பின்னர், கம்பளி சுற்றிய மூங்கில் கலத்தால், இரும்பையும் வெல்லத்தையும் நாட்கணக்கில் ஊறவைத்த நீரைத் தொட்டுக் கோடிழுக்கிறார்கள். அந்நீரிலுள்ள இரும்பும் துணியிலேறிய கடுக்காயின் துவர்ப்பும் கூடியதும் கோடு கறுத்து நிலைத்துவிடுகிறது. அதன்பின் அழித்தல் என்பது இல்லை. இராமாயண பாரதப் பாத்திரங்கள் யாவும் அவ்வாறே எழுதப்படுகின்றன. அக்கலையில் தேர்ந்த ஜொன்னலகட்ட குரப்பச் செட்டி அவர்களுக்கு 2008இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கரிக்கோடு, கறுப்புக்கோடு, வண்ணம் என்னும் அந்த வரிசையே திரையில் லேயராக வந்திருக்கிறது. ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு நியமம் சொல்வோம்: முதற் பத்து நிமிஷம் எந்தக் கோட்டையும் அழிக்கலாகாது. தவறான கோடு கிடக்கட்டும். அதன் பக்கத்தில் சரியான கோடு விழட்டும்.

நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் போதும். நம் ஆபீசில் அன்றைய பதிவேட்டை அன்றே முடித்துக் கையெழுத்திடுகிறோம் அல்லவா? அதுபோல் அன்றைய படத்தை அன்றே முடித்துத் தேதியிட வேண்டும். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாக எழுத வேண்டாம். விட்டதை விட்டுவிட்டு அன்றையதை எழுதினால் போதும். ஜாதரை முடிந்த பிறகும் விடுமுறை மிச்சமிருக்கும். அப்போது ரயில் நிலையத்தின் பிளாட்பாரம் இருக்கிறது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகள், மூட்டையைத் தலைக்கு வைத்து உறங்கும் யாத்திரிகர்கள், செஞ்சட்டைப் போர்ட்டர்கள் என்று நாளொரு பாத்திரம் கிடைத்துக்கொண்டேயிருக்கும். சித்தூரிலிருந்து வந்துள்ள அன்பர்களுக்கும் குறையில்லை; அவ்வூரிலும் நடுவீதி கங்கம்மா ஜாதரை கோடையிலேயே நடைபெறுகிறது.

பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. வேஷம் பூண்டவர்கள் வேடிக்கைக்காக வருபவர்கள் அல்லர். வேண்டுதல் நிறைவேற்ற வருகிறார்கள். அவர்கள் முகத்தெதிரே செல்போனை நீட்டலாகாது. படமெடுக்க வேண்டுமானால் கேட்டு எடுக்க வேண்டும். கண்ணால் நன்றாகப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதுவது இன்னும் மேலானது. சிறு பிள்ளைகளைப் பெரியோர் உடனழைத்துச் செல்ல வேண்டும். வெயில் தாழ்ந்த வேளையே ஏற்றது.

இத்தனையும் ஏன் சொல்கிறோம்? நம் பிள்ளைகளில் பலர் பிறந்தது இம்மண்ணில். வீட்டில் பேசுவது தமிழ், தெருவில் பேசுவது தெலுங்கு, எழுதுவது ஆங்கிலம். பள்ளியில் தமிழெழுத்துப் பயிலும் வாய்ப்பு அவர்களில் அநேகருக்கு இல்லை. 'உன் ஊர் எது?' என்று எவரேனும் கேட்டால், பாட்டனார் ஊரைச் சொல்வதா, இவ்வூரைச் சொல்வதா என்று திகைக்கிறார்கள். இந்தத் திகைப்பைப் பேச்சால் போக்க முடியாது. ஓர் ஊரின் மனிதரை உச்சி முதல் உள்ளங்கால் வரை உற்று நோக்கி எழுதியவனுக்கு அவ்வூர் அந்நியமாக இராது. அதே படத்தின் கீழே, அதே பேனாவால், பாத்திரத்தின் பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, கண்டதைப் பற்றித் தமிழில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஏழு நாளில் பதினான்கு வரி. தமிழெழுத்து கைக்கு வர இதைவிட இனிய வழி நமக்குத் தோன்றவில்லை. தெலுங்கெழுத்துக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையின் உதவியை நாடட்டும். அதனால் நட்பும் வளரும்.

ஆகவே பெற்றோர்களே, வருகிற கோடையில் நாளுக்கு ஒரு மணி நேரம் செல்போனை மனமுவந்து கொடுங்கள். படம் அழகாக இருக்கிறதா என்று முதலில் கேளாதீர்கள். அதில் இருப்பவர் யார், எங்கே பார்த்தாய், ஏன் அப்படி நிற்கிறார் என்று கேளுங்கள். சங்கத்தாருக்கு நம் விண்ணப்பம்: அடுத்த ஆண்டு மலரில் இரண்டு பக்கங்களைக் குழந்தைகளின் சித்திரங்களுக்கென ஒதுக்கி வைக்க வேண்டுகிறோம். அவற்றை நிரப்பும் பொறுப்பு இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுவர் சிறுமியரைச் சேர்ந்தது.