ஜெபித்தவுடன் எழுந்துவிடாதீர்கள்

இன்று பட்டம் பெறும் இறையியல் மாணவர்களே,

நீங்கள் பொறுப்பேற்கும் சபையில் ஏதோவொரு வீட்டில் உங்களை உட்காரவைத்துச் சொல்வார்கள்: "ஐயா, பையன் அறையைவிட்டு வெளியவே வரமாட்டேங்கிறான். ஜெபம் பண்ணுங்க." ஜெபியுங்கள். ஜெபித்தவுடன் எழுந்துவிடாதீர்கள். தூங்குகிறானா, சாப்பிடுகிறானா என்று விசாரியுங்கள். சாக நினைக்கிறாயா என்று அவனிடமே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

சூரைச்செடியின்கீழ் எலியா சாவைக் கேட்டபோது, தேவதூதன் அவருடைய விசுவாசத்தை அளந்து பார்க்கவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான். ஓரேப் மலையில் தேவன் அவரோடு பேசியதெல்லாம் பிறகுதான். மனச்சோர்வு உள்ளவரிடம் "உனக்கு விசுவாசம் போதாது" என்று சொல்லி மாத்திரையை நிறுத்தவைப்பது ஊழியமல்ல, கொடுமை.

போதகர்கள் நோயாளிகளிடமிருந்து கற்பது புதிதல்ல. 1925இல் அமெரிக்காவின் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களை நோயாளிகளிடம் பழகிக் கற்கவைத்தவர் ஆன்டன் பாய்சன். அவரே மனநோய்க்கு மருத்துவமனையில் இருந்து மீண்ட போதகர். நம் பக்கத்திலேயே, வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குகிறார்கள். ஒருவருடைய நோயில் வீடு முழுவதும் சிக்கியிருக்கிறது என்பதை அறிந்த முறை அது.

அப்பாவும் மகனும் நேரில் பேசாமல் அம்மா வழியாகவே பேசிக்கொள்ளும் வீடுகள் உங்களுக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குத்தான் தலைவலியும் நெஞ்சு படபடப்பும். அங்கே நீங்கள் போனதும், "ஐயா, நீங்க சொன்னா அவர் கேட்பாரு" என்பார்கள். ஒத்துக்கொண்டால் அம்மா சுமந்ததை இனி நீங்கள் சுமப்பீர்கள், வீடு மாறாது. இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவரைக் கேட்கவைப்பதே உங்கள் வேலை. குடும்ப ஆலோசனையில் கற்ற பயிற்சியும், ஒப்புரவாக்குதலைப் பற்றிய நம் விசுவாசமும் ஒன்றுசேரும் இடம் இதுதான்.

ஆனால் அடிபட்டு வரும் பெண்ணை ஒப்புரவின் பெயரால் திருப்பி அனுப்பாதீர்கள். முதலில் அவள் பாதுகாப்பு. மன்னிப்பை அவள் தன் நேரத்தில் யோசிக்கட்டும். குழந்தைமீது நடந்த பாலியல் குற்றம் தெரிந்தால் போலீசில் சொல்லியே ஆகவேண்டும்; போக்சோ சட்டம் சபையின் மானத்துக்கு விலக்கு தரவில்லை.

உங்களால் உதவ முடியாதவர்களை மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். அனுப்பிய பிறகும் அவர்கள் வீட்டுக்குப் போய்வாருங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். சபை அறிவிப்புப் பலகையில் அதை எழுதி வையுங்கள்.