இயந்திரக் கண்ணும் மாறும் ஒளியும்

வெள்ளைக் காகிதமொன்றை நிழலில் வைத்துப் பார்ப்பவனுக்கும், இரவில் மின்குமிழின் கீழே பார்ப்பவனுக்கும் அது வெள்ளையாகவே தோன்றுகின்றது. உண்மையில் அக்காகிதத்திலிருந்து கண்ணை வந்தடையும் ஒளி இரு வேளைகளிலும் ஒன்றன்று. இழைக்குமிழின் ஒளியிற் செம்மை மிகுதி; நிழலில் விழும் வானொளியில் நீலம் மிகுதி. இவ்வேற்றுமையை மனிதனின் கண்ணும் மூளையும் அவன் அறியாமலே பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகின்றன. இயந்திரத்துக்கு இத்திறமை இயல்பாக அமைவதில்லை.

கமரா தான் காணும் காட்சியைப் பல்லாயிரம் புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என எண்களாற் குறிக்கின்றது. அவ்வெண்கள் பொருளை மட்டுமன்றி, அதன்மேல் விழும் ஒளியையும் பொறுத்தவை. ஒளி மாறின் எண்களும் மாறும்.

இவ்விடர்ப்பாட்டைத் தெளிவாகக் காட்டியது றோபோக்களின் உதைபந்தாட்டமாகும். 'றோபோகப்' என்னும் அப்போட்டி 1997 ஆம் ஆண்டில் யப்பானின் நகோயா நகரில் முதன்முதலாக நடைபெற்றது. அதன் ஒரு பிரிவில் 2008 வரை 'ஐபோ' என்னும் நாய் வடிவ றோபோக்கள் ஆடின. தரை பச்சை, பந்து செம்மஞ்சள், ஓரணியின் அடையாளம் சிவப்பு. எந்த எண்கள் பந்தைக் குறிப்பன, எவை தரையைக் குறிப்பன என்னும் அட்டவணையை ஆட்டத்துக்கு முன்னரே அணியினர் வகுத்துக் கொடுப்பர். சாளரத்தினூடே வெயில் புகுந்தால் அவ்வட்டவணை பொய்த்துவிடும். பந்தின் நிழற்பக்கம் எதிரியின் சிவப்பு அடையாளம்போலத் தோன்றும்.

பரிகாரங்கள் சில உள. நிறத்தையும் பிரகாசத்தையும் வெவ்வேறாகக் கணக்கிடுவது ஒன்று. ஒளி மங்கும்போது இது உதவும். ஒளியின் நிறமே மாறும்போது போதாது. அப்பொழுது, நிறம் முன்பே தெரிந்த ஒரு பொருளைத் துணைக்கொள்ள வேண்டும். களத்தின் வெண்கோடு நீலம்பாய்ந்து தோன்றினால், அந்த அளவுக்கு ஏனைய நிறங்களையும் திருத்திக்கொள்ளலாம். மூன்றாவது வழி, நிறத்தை மட்டும் நம்பாது வடிவத்தையும் நோக்குவது. ஐபோவுக்குப் பின்வந்த பிரிவில், 2016 ஆம் ஆண்டில் செம்மஞ்சட் பந்து நீங்கிக் கருப்பு வெள்ளைப் பந்து வந்தபோது, றோபோக்கள் அவ்வழியிற் செல்ல நேர்ந்தது.

பழங்களைத் தரம்பிரிக்கும் பொறிக்கு மூடிய கூட்டினுள்ளே மாறாத ஒளியை அமைத்துக் கொடுக்கலாம். தெருவிற் செல்லும் தானியங்கி வாகனத்துக்கு அவ்வசதி இல்லை. மாலை வெயில் எதிரே கண்ணைக் கூசச்செய்யும் வேளையிலும் அது சிவப்பு விளக்கைச் சிவப்பென்றே அறிய வேண்டும். அங்கே நேரும் பிழை ஆட்டத்தில் ஒரு கோலை இழப்பதோடு முடிவதன்று. பாதையைக் கடப்பவரின் உயிரையே அது பொறுத்தது.