எந்தத் தெரு?



1997-இல் விருதுநகர் மாவட்டத்தில் தொடங்கவிருந்த அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரமும் தப்பவில்லை. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு எடுத்துவிட்டது.

பேருந்தின் நெற்றியில் நம் பெயரைப் பொறுக்காதவர்கள், பேருந்து நிலையத்தின் பக்கத்தில் நம் வீட்டைப் பொறுப்பார்களா?

இராஜபாளையத்தில் மில் வேலைக்கும், திருவில்லிபுத்தூரில் நீதிமன்ற வேலைக்கும், படிப்புக்கும் வரும் நாம் நிலையத்தருகே வாடகை வீடு தேடுகிறோம். வாடகையைச் சொல்லுமுன் வீட்டுக்காரர் கேட்கிறார்: "சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு?" தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். வீடு பத்து, கேட்பவர் நூறு என்றிருக்கும்வரை அவர் ஆள் பொறுக்கலாம். யாரும் அவரைக் கேட்க முடியாது.

அதனால்தான் நிலையத்தருகே மாடிகள் உயர்வதும் நம் பிரச்சினை. எதிர்ப்பவர்கள் சாதியைச் சொல்வதில்லை. தண்ணீர் போதாது, சாக்கடை தாங்காது என்பார்கள். அந்தக் குறைகள் பொய்யல்ல. ஆனால் தண்ணீர்தான் கவலை என்றால் குழாய் கேட்கலாம், வடிகால் கேட்கலாம். வீடே கூடாது என்பது வேறு பேச்சு.

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. இனம் பார்த்துக் குடியிருப்பைப் பிரிக்கும் சட்டம் செல்லாதென்று 1917-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றம் 1926-இல், தனிவீட்டுப் பகுதிக்குள் அடுக்குமாடி ஒட்டுண்ணி போன்றது என்று எழுதி, அதைத் தடுக்கும் விதியை ஏற்றது. நிறத்தைச் சொல்லாமலே கறுப்பின ஏழைகளை வெளியே நிறுத்த அந்த வழி போதுமானதாக இருந்தது.

சென்னையில் நமக்கு அடுக்குமாடி கிடைத்தது, ஊருக்கு வெளியே. ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்கள் வேலையையும் பள்ளியையும் விட்டுத் தொலைவில் விழுந்தார்கள். சேரி மாடி வைத்துக்கொண்டது, தூரம் குறையவில்லை.

மாடி உயர்ந்தால் மட்டும் சாதி இறங்கிவிடாது என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே இரண்டையும் சேர்த்தே கேட்போம்: நடந்துபோகும் தூரத்தில் பேருந்தும் ரயிலும் உள்ள இடத்தில் எளியவர் வாடகைக்கு வீடு, சாதி பார்த்து வீடு மறுப்பதைத் தண்டிக்கும் சட்டம்.

நம் பிள்ளைகள் வீடு தேடிப் போகும்போது எத்தனை பேர் குடியிருப்பீர்கள் என்று கேட்கட்டும். எந்தத் தெரு என்று கேட்கவேண்டாம்.

ஜெய்பீம்.