கோலகங்சாரில் நட்ட ஒன்பது கன்றுகள்



ஒரு நாடு உலக வல்லரசாக உயர்வது எதனால்? படைபலத்தால் என்பர் சிலர். பணபலத்தால் என்பர் வேறு சிலர். சிம்பாங் பூலாயில் எங்கள் வகுப்பில் இந்தப் பாடம் நடந்தபோது மாணவி ஒருத்தி எழுந்தாள். "எங்கள் பாட்டியும் அவருடைய அம்மாவும் ஆயுள் முழுக்கப் பால்மரம் வெட்டினார்கள். அந்தப் பாலால் வெள்ளைக்காரர் நாடு செழித்தது என்கிறீர்கள். பாட்டி மட்டும் ஏன் லயத்து வீட்டிலேயே இருந்தார்?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது. விடை சொல்லாமலே வகுப்பை முடித்தோம். அந்தக் கடனை இன்று வானொலி வழியாகத் தீர்க்க முயல்கிறோம்.

பிரிட்டன் இரப்பரால் எழுந்த நாடு அன்று. நிலக்கரியும் நீராவி இயந்திரமும் நெசவாலையும் கப்பற்படையும் அதை முன்னமே உயர்த்திவிட்டன. ஆனால் உயர்ந்த நாடு தன் உயரத்தை எப்படிக் காத்துக்கொண்டது என்பதை அறிய நாம் லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு மணி நேரப் பயணத்தில் கோலகங்சாருக்குப் போனால் போதும்.

கித்தா மரத்தின் தாயகம் பிரேசில். 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் என்பவர் அமேசான் காட்டுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளைக் கப்பலில் ஏற்றி லண்டனில் உள்ள கியூ தாவரத் தோட்டத்தில் சேர்த்தார். (இதைத் திருட்டு என்று ஏசுவாரும் உண்டு, ஆனால் விதையை வெளியே கொண்டுபோகக் கூடாதென்ற சட்டம் அப்போது அங்கே இல்லை.) முளைத்தவை சுமார் 2,700 மட்டுமே. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பதைப் பேராக் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார்.

இதன் பிறகு நடந்ததுதான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த மரங்களால் யாருக்கும் பெரிய ஆதாயம் இல்லை. தோட்டத் துரைமார் காப்பியே போதும் என்றிருந்தார்கள். 1888இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டப் பொறுப்புக்கு வந்த ரிட்லி, காண்போர் சட்டைப் பையில் எல்லாம் கித்தா விதையைத் திணித்து "நட்டுப் பாருங்கள்" என்றார். பைத்தியக்கார ரிட்லி என்று சிரித்தார்கள். அவரோ விடாமல் சோதனை செய்தார். கோடரியால் கொத்தினால் மரம் நலியும்; பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்துவந்தால் பால் பெருகும், பட்டையும் மறுபடி வளரும் என்று கண்டார். விடியற்காலை வெட்டே நல்லது என்பதும் சோதனையில் தெரிந்ததுதான்.

தாய்மார்களே, இது உங்கள் கை அறிந்த பாடம். கத்தி ஆழமாகப் போய்க் காயம் விழுந்தால் கங்காணி ஏசுவார் அல்லவா? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. அதில் கத்தி பட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். நம் பெண்கள் இருட்டில் நெற்றி விளக்கோடு அதைத் தொடாமல் வெட்டினார்கள். அது கையில் இருந்த அறிவு. ரிட்லியின் அறிவோ தாளில் ஏறி, அச்சாகி, கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போயிற்று.

காப்பி விலை விழுந்தது. காற்றடைத்த டயரும் மோட்டார் வண்டியும் வந்தன. துரைமார் கித்தாவுக்கு ஓடினார்கள். 1913இல் ஆசியத் தோட்ட இரப்பர் காட்டு இரப்பரை முந்தியது. மரம் பிரேசிலுடையது, பயனோ வேறு கைக்குப் போயிற்று.

அறிவும் நிலமும் மட்டும் போதுமா? ஆள் வேண்டுமே! ஆளைத் திரட்டுவதிலும் அவர்கள் கணக்காக இருந்தார்கள். 1907இல் குடிநுழைவு நிதி ஒன்றை ஏற்படுத்தி, தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி, தமிழகத்திலிருந்து ஆட்களுக்குக் கப்பல் செலவு கொடுத்தார்கள். நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள் பினாங்கில் இறங்கினார்கள். 1930களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் விலை சரிந்தபோது, லட்சத்துக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பாலை வெட்டியவருக்கு விலை எங்கே விழுந்தது, ஏன் விழுந்தது என்று சொல்வார் இல்லை.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் இந்த நாட்டையும் தென்கிழக்காசியாவின் மற்றத் தோட்ட நாடுகளையும் பிடித்ததும் உலக இயற்கை இரப்பரில் ஏறத்தாழ 90 விழுக்காடு அதன் கைக்குப் போயிற்று. அமெரிக்கா கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை. ஆய்வாளர்களையும் ஆலைகளையும் ஒன்றுசேர்த்து 1944இல் 7 லட்சம் டன்னுக்கு மேல் செயற்கை இரப்பர் செய்தது. பிரிட்டனோ போரில் வென்றும் கடனாளியாயிற்று. 1946இல் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் பெற்றது. அந்த ஆண்டுகளில் அதற்கு டாலர் ஈட்டிக்கொடுத்ததில் முன்னே நின்றது மலாயா இரப்பர். நம் மங்குகளில் சொட்டிய பால் ஒரு வல்லரசுக்கு முட்டுக்கொடுத்தது என்றால் மிகையில்லை.

இப்போது அந்த மாணவிக்கு விடை சொல்லலாம். மரத்தைப் பற்றிய அறிவு ஓரிடத்தில், விலையும் பங்கும் எழுதிய கணக்குப் புத்தகம் ஓரிடத்தில், உழைக்கும் கை ஓரிடத்தில் இருந்தன. முதல் இரண்டையும் வைத்திருந்த நாடு உயர்ந்தது. பாட்டியிடம் இருந்தது மூன்றாவது மட்டும். தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது உண்மை. பல இடங்களில் அந்தப் பள்ளி ஓர் அறையும் சில வகுப்புகளுமாக நின்றது. கையெழுத்துப் போடக் கற்றார்கள். கணக்குப் புத்தகத்தைப் புரட்டும் அளவுக்குக் கற்க விடவில்லை.

நாடு சுதந்திரம் பெற்றபின் அந்த இரண்டும் ஒவ்வொன்றாக இங்கே வந்தன. 1925இல் தொடங்கிய இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் மலேசியருடையதாகி, அதன் 600ஆம் எண் ஒட்டுக்கன்று பல நாடுகளுக்குப் போயிற்று. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலையில் பெர்மோடாலான் நேஷனல் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி தோட்ட நிறுவனத்தின் பங்குகளை வாங்கி, நான்கு மணி நேரத்துக்குள் அதைத் தன்வசமாக்கியது. ஒரு தோட்டாவும் வெடிக்கவில்லை. கணக்குப் புத்தகம் படிக்கத் தெரிந்தவர்கள் செய்த வேலை அது. ஆனால் அன்றும் தோட்டத்து மக்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. நம்மில் பலர் நகரத்து ஓரங்களுக்கு வந்துவிட்டோம். இன்று இரப்பர் கையுறை ஏற்றுமதியில் மலேசியா முன்னணியில் நிற்கிறது; அதற்கு வேண்டிய பாலில் பெரும்பகுதி தாய்லாந்திலிருந்து வருகிறது. வெட்டும் கை இப்போது அங்கே இருக்கிறது.

வரும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கோலகங்சாருக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த ஒன்பதில் எஞ்சிய ஒரு மரம் மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்னும் நிற்கிறது. வீட்டில் பால் வெட்டிய பாட்டி இருந்தால் அவரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். எந்த உயரத்தில், எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழத்தில் கத்தி போக வேண்டும் என்று அவர் சொல்வார். பிள்ளைகள் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும்.