வேலியை மேயும் ஆடுகள்

அவுஸ்திரேலியக் கண்டத்தின் தென்கரையை ஒட்டி, மரமென்று சொல்லத்தக்க ஒன்றும் தலைகாட்டாமல், அடிவானம் வரையில் ஒரே சமனாய்க் கிடக்கின்ற நல்லர்போர் என்னும் பெருவெளியிலே, 1962ஆம் ஆண்டில் ஒரு குடும்பத்தார் செம்மறிகளுக்கென்று தொடக்கிய றோலின்னா என்ற பண்ணை ஒன்று உண்டு. அதன் விஸ்தீரணம் ஏறக்குறைய 10,000 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டம் முழுவதும், தீவுகளையும் சேர்த்து, ஆயிரத்துச் சொச்சம் சதுர கிலோமீற்றர்தான். ஆகவே, நமது மாவட்டம் போன்ற பத்தை ஒன்றாக இணைத்து, அவற்றிலுள்ள கோயில்கள், பள்ளிக்கூடங்கள், சந்தைகள், ஒழுங்கைகள், ஒழுங்கைக்கு ஒழுங்கை நடக்கும் எல்லைவழக்குகள் அத்தனையையும் நீக்கிவிட்டு, எஞ்சிய வெளியில் ஒரு வசிப்பிடத்தையும், உரோமம் கத்தரிப்பதற்கு ஒரு பெரிய கொட்டகையையும், எண்ணிக்கையில்லாத செம்மறிகளையும் வைத்துப் பார்த்தால், அந்தப் பண்ணையின் சொரூபம் ஒருவாறு நம் மனத்துக்கு அகப்படும்.

இவ்வளவு தூரத்திலுள்ள ஒரு தேசத்தைக் கீரிமலையில் இருந்துகொண்டு நான் எதற்காக இழுத்துவைத்துப் பேசுகிறேன் என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். காரணம் கல். நல்லர்போர் வெளியின் மேற்படை சுண்ணாம்புக்கல். நமது குடாநாட்டின் அடித்தளமும் சுண்ணாம்புக்கல். இரண்டும் மயோசீன் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் வழங்கும் ஒரே புராதன காலத்தில், சமுத்திரத்தின் அடியிலே சிப்பியும் சங்கும் படிந்து படிந்து உருவானவை. ஆயினும், அங்கே அந்தக் கல்லின்மேல் ஓர் ஆறும் ஓடுவதில்லை. ஆழத்துளைத்து எடுக்கும் நீரும் பெரும்பாலும் உவர்நீர். அந்த உவரையே காற்றாடியால் இறைத்துத் தொட்டியில் விட, செம்மறிகள் குடித்துப் பிழைத்திருக்கின்றன. இங்கேயோ, மாரிகாலத்து மழை அதே கல்லின் வெடிப்புகளினூடு இறங்கி, கீழே கிடக்கும் கடல்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நின்று, கிணறுதோறும் எழுகின்றது; கீரிமலைக் கேணியிலே, அலையடிக்கும் கரைக்குச் சில அடி தள்ளி, குளிர்ந்த ஊற்றாய்ப் பொங்குகின்றது. அருகிலுள்ள நகுலேஸ்வரக் கோயிலுக்கு வந்து ஆடியமாவாசையில் பிதிர்க்கடன் முடித்து முழுகுகிறவர்கள், இக்கேணியில் முழுகிக் கீரிமுகம் மாறப்பெற்றதாகச் சொல்லப்படும் முனிவரை நினைத்துக்கொள்வார்கள். கேணியடியில் நின்று ஆடுமாடுகளையும் நினைக்கிறவன் நான் ஒருவனாகவே இருக்கலாம்.

ஒரே கல்லாயினும், நீர் வேறுபட்டமையால் நிலத்தின் அளவு வேறுபட்டது. நிலத்தின் அளவு வேறுபட்டமையால் மந்தையும், மந்தையைப் பேணும் குடும்பத்தின் வாழ்க்கையும் வேறுபட்டன. நீரும் புல்லும் அருகிய அந்தப் பிரதேசத்தில் ஓர் ஆடு உயிர்வாழப் பல ஏக்கர் வேண்டும். அதனால் நிலம் விரிந்தது. விரிந்த நிலத்தில் மனிதர் அருகினர். அந்நிலம் யாருடையதாக இருந்தது என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். 1797இல் மெரினோ இனத்துச் செம்மறிகள் சிட்னித் துறையில் வந்திறங்கிய நாள்தொட்டு, மந்தைகள் உட்பிரதேசத்தை நோக்கி நகர நகர, அங்கே எத்தனையோ ஆயிரம் வருஷங்களாக வாழ்ந்துவந்த ஆதிக்குடிகள் தங்கள் நீர்நிலைகளையும் வேட்டைநிலங்களையும் இழந்தார்கள். பிற்பாடு அவர்களிற் பலர் அதே நிலத்தில், அற்பக் கூலிக்கும் வெறும் உணவுக்குமாக, மந்தை மேய்த்தார்கள். கம்பளியின் கீர்த்தியைப் பாடுகிற சரித்திரங்கள் இந்த அத்தியாயத்தை நெடுங்காலம் அவசரமாகவே புரட்டிச் சென்றன.

அச்சரித்திரங்களில் ஒரு பெண்மணியின் பெயர் மாத்திரம் இங்கே நமக்குப் பிரயோசனப்படும். கம்பளித் தொழிலின் பிதா என்று ஜோன் மக்காதரைச் சொல்லுவார்கள். அவர் அரசாங்கத்தோடு பிணங்கி, 1809 முதல் 1817 வரை இங்கிலாந்தில் தங்கநேர்ந்த காலமெல்லாம், மந்தையைப் பெருக்கி, உரோமத்தைத் தரம்பார்த்துக் கப்பலேற்றி, பிள்ளைகளையும் வளர்த்துப் பண்ணையை நடத்தியவர் அவர் மனைவி எலிசபெத். பிதாவென்ற பட்டம் கணவருக்கே போயிற்று என்பதில் ஆச்சரியமில்லை. நம் ஊரிலும் ஆட்டை வளர்ப்பவள் ஆச்சி, விலைபேசுபவர் அப்பு.

பெருநிலத்தின் துன்பம் தனிமை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் வைத்தியர் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால். அயல்வீடு என்பதே ஒருநாட் பிரயாணம். 1928இல் குளோன்கறி என்ற ஊரிலிருந்து ஆகாயவிமானத்தில் வைத்தியரை அனுப்பும் சேவை தொடங்கியதும், அடுத்த ஆண்டில், காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் சிறு வானொலிக் கருவி பண்ணைவீடுகளுக்கு வந்துசேர்ந்ததும், 1951இல் அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகரிலிருந்து வானொலி வழியே பள்ளிக்கூடம் நடக்கத் தொடங்கியதும், அந்தக் குடும்பங்களுக்கு மறுபிறப்பாயின. ஒலிவாங்கிக்கு முன்னிருந்து பேசுகிற எனக்கு அந்த ஆசிரியர்கள்மேற் சிறிது பொறாமையும் உண்டு. அவர்கள் கேள்வி கேட்டால், அடிவானத்துக்கு அப்பாலிருந்து ஒரு பிள்ளை உடனே பதில் சொல்லிற்று. நான் கேட்டால் நீங்கள் யாரும் சொல்வதில்லை.

இனி நம்முடைய வேலிக்கு வருவோம். அவுஸ்திரேலியாவிலும் ஒரு வேலி உண்டு. டிங்கோ என்னும் காட்டுநாயிடமிருந்து செம்மறிகளைக் காப்பதற்காக, குயின்ஸ்லாந்திலிருந்து தென்கடற் பாறை விளிம்புவரை 5,600 கிலோமீற்றர் அளவுக்கு நீட்டப்பட்ட கம்பிவேலி அது. உலகத்திலேயே நீளமான வேலிகளுள் ஒன்றாகிய அதில் ஓர் இலைகூடக் கிடையாது. நம்முடைய வேலியோ இலையால் ஆனது. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, பிற்காலத்தில் வந்த சீமைக்கிளுவை ஆகியவற்றின் கதியால்களை அடுத்தடுத்து நட்டு, கிடுகாலோ பனையோலையாலோ அடைத்துவிட்டால், அது காணிக்கு எல்லையாகும், வீட்டுக்கு மறைப்பாகும், தழையை வெட்டித் தோட்டத்தில் தாழ்த்தால் பசளையாகும், எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டுக்கு வருஷம் முழுவதும் வற்றாத மேய்ச்சல்நிலமாகும். இரண்டு பரப்புக் காணியில் வீடும் கிணறும் போக ஒரு மந்தைக்கு இடமேது? ஆனால், நாற்புறமும் ஓடும் வேலி ஆள் உயரத்துக்கு மேலே எழுந்து நிற்கிறதே, அந்த நெட்டுக்குத்தான வயலை யாரும் நிலமாகக் கணக்கிடுவதில்லை. வேலியே பயிரை மேய்வதைப் பற்றித்தான் உலகம் முறையிடுகிறது. யாழ்ப்பாணத்து ஆடோ வேலியைப் பயிராக்கி மேய்ந்தது.

அந்த மேய்ச்சலை ஆட்டிடம் கொண்டுசேர்ப்பது வீட்டாரின் பணி. விடிந்து பனி உலருமுன் கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு வேலியோரம் நடந்து, நுனியிற் கட்டியுள்ள கத்தியால் பூவரசங்குழையை இழுத்து வீழ்த்தி, பிடி பிடியாகச் சேர்த்து, கொட்டிலின் வளையில் தலைகீழாகக் கட்டித் தூக்கிவிடுவார்கள். நிலத்திற் போட்டு மிதிபட்ட குழையை ஆடு முகர்ந்தும் பாராது; அதற்கு அத்தனை ஆசாரம். பலாமரம் நின்றால் அதன் உதிர்ந்த பழுத்தலும் வீணாவதில்லை. கயிறு கோத்த குத்தூசியைக் கையிற் கொண்டு, குனியாமலே, விழுந்து கிடக்கும் பலாவிலையை ஒவ்வொன்றாகக் குத்தி, ஊசி நிறைந்ததும் கயிற்றுக்குத் தள்ளித் தள்ளி, மாலைபோற் கோத்துக்கொண்டு வரும் கிழவிகளைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். முற்றம் சுத்தமாயிற்று, ஆட்டுக்குத் தீன் கிடைத்தது, கால்நடையாய் ஒரு தேகாப்பியாசமும் ஆயிற்று. இப்படி வளர்ந்த இரண்டு மறிகளின் குட்டிகளை விற்றுப் புத்தகமும் சீருடையும் வாங்கிப் படித்தவர்கள் பலர், இன்று சிட்னியிலும் மெல்பேணிலும் உத்தியோகம் பார்க்கிறார்கள்.

செம்மறி வேறு கதை. நமது செம்மறிக்கு மெரினோவைப்போற் சுருண்ட கம்பளி இல்லை, ஆட்டுமயிர்தான் உண்டு, அதைக் கத்தரிக்க யாரும் கத்தி தீட்டியதில்லை. தரவையிற் பகலெல்லாம் மேய்ந்துவிட்டு வரும் மந்தையை, இராக்காலத்தில் தோட்டத் தறையிற் பட்டி அடைத்தால், விடியும்போது எருவும் சிறுநீரும் செம்மண்ணிற் சுவறியிருக்கும். மறுநாட் படலைப் பெயர்த்துப் பக்கத்துத் துண்டில் நடுவார்கள். கமக்காரன் பட்டிக்காரனுக்குக் கூலி கொடுத்தான். புகையிலைக்கு எரு எவ்வளவு தேவையென்று நம் தோட்டக்காரருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே, அங்கே மந்தையின் செல்வம் முதுகில். இங்கே வாலுக்குக் கீழே. இராமநாதபுரத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த தஞ்சாவூர் வயல்களுக்குக் குடும்பத்தோடு நடந்து சென்று கிடை போடுவதும் இதே தர்மத்தைப் பற்றித்தான். நிலமில்லாதவன் எருவைக் கொடுத்து, நிலமுள்ளவனின் வெளியைத் தற்காலிகமாக மேய்ச்சலாக்கிக் கொள்கிறான்.

வேள்விக் கடாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெல்லிப்பழை கவுணாவத்தை வைரவர் கோயிலுக்கென்று நேர்ந்துவிட்ட கடாவைப் பிள்ளையைப்போல் ஊட்டி வளர்த்து, மாலை சூட்டிக் கொண்டுசென்ற குடும்பங்கள் நமது அயலிலேயே உண்டு. நாவலர் பெருமான் இவ்வழக்கத்தைக் கண்டித்து நூறு வருஷத்துக்கு மேலாகியும் அது நிற்கவில்லை. 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோயில்களில் உயிர்ப்பலிக்குத் தடைவிதித்தது. பலியை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தக் கடாவுக்குக் கிடைத்த பராமரிப்பில் பாதியேனும் மற்ற ஆடுகளுக்குக் கிடைத்திருக்கலாம்.

1990ஆம் ஆண்டு ஆனிமாதத்தில் கீரிமலை அடங்கிய வலிகாமம் வடக்கு ஜனங்கள் போரால் இடம்பெயர்ந்தபோது, கட்டவிழ்த்து விடப்பட்ட ஆடுமாடுகளோடு வேலிகளும் கைவிடப்பட்டன. வருஷக்கணக்கில் தறிக்கப்படாத கதியால்கள் மரங்களாயின. வேறு சிலவிடங்களில் வேலியிருந்த சுவடே தெரியாதபடி நிலம் மட்டமாக்கப்பட்டது. மீண்டுவந்தவர்கள் எல்லையைத் தேடிக் கண்டுபிடித்ததும் முதலிற் செய்தது, கையிற் பணமிருந்தால், மதில் கட்டியதுதான். அதற்காக அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஒருமுறை எல்லையை இழந்தவன் கல்லைத்தான் நம்புவான். விசித்திரம் என்னவென்றால், 1950இல் காங்கேசன்துறையில் ஆரம்பித்த சீமெந்துத் தொழிற்சாலை நம் காலடிச் சுண்ணாம்புக்கல்லைத் தோண்டியெடுத்துச் சீமெந்தாக்கிற்று. அத்தொழிற்சாலை நின்று பல வருஷங்களான பின்பு, எங்கிருந்தோ வரும் சீமெந்தால், அவுஸ்திரேலியாவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தில், மேயமுடியாத வேலிகள் எழும்புகின்றன. அப்படிப்பட்ட மதிலுக்குள் ஆடு வளர்ப்பவர் தீனை விலைகொடுத்து வாங்குகிறார். கணக்குப் பார்த்ததும் ஆட்டை விற்கிறார்.

வீதிப்பக்கம் மதிலாகவே இருக்கட்டும். ஆனால், பின்வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் இடையில் ஓடும் எல்லையிலாவது, மாரியின் முதல் மழை விழுந்த கையோடு, பெருவிரல் மொத்தமுள்ள கிளுவைக் கதியால்களை ஒரு முழ இடைவெளியில் நட்டுப் பாருங்கள். முதல் வருஷம் குழை ஒடிக்காமல் விட்டால், இரண்டாம் வருஷத்தில் ஒரு மறிக்கும் அதன் குட்டிக்கும் தாராளமாகக் காணும். வேலி அடைக்கும்போது, பக்கத்து வளவுக்காரரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. குழை இருபுறமும் தளிர்க்குமாதலால், ஆடும் இரண்டு வீட்டிலும் நிற்கவேண்டி வரும்.