அவர் முதலில் கேட்டார்



விசுவாசத்தையும் மாற்றுத்திறனாளிகள் வாழ்க்கையையும் பற்றிப் பேசச் சொன்னாங்க. நம்ம கூட்டமைப்பில் கோவிலுக்குப் போறவங்க, பள்ளிவாசலுக்குப் போறவங்க, என்னைப் போல சர்ச்சுக்குப் போறவங்க எல்லாரும் இருக்கோம். நான் வாசிக்கிற வேதத்திலிருந்து பேசுறேன். உங்க வீட்டுக்கும் பொருந்துதான்னு பாருங்க.

எனக்கு ரெண்டு வயசில் போலியோ வந்தது. இடது காலில் காலிபர் போட்டுத்தான் நடக்கிறேன். "யார் செஞ்ச பாவமோ" என்று ஊரில் பேசுவாங்க. அதைக் கேட்டு அதிகம் அழுதது எங்க அம்மாதான். யோவான் 9-ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவரைப் பார்த்து சீடர்களும் இதையேதான் கேட்டாங்க: இவர் பாவமா, பெத்தவங்க பாவமா? ரெண்டும் இல்லைன்னு இயேசு சொல்லிட்டார். போலியோ கிருமியால் வருகிற நோய். சொட்டு மருந்து கொடுத்துக் கொடுத்து, 2014-இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று வாங்கியாச்சு. பாவத்தால் வந்த நோயாக இருந்தால் சொட்டு மருந்துக்கு நின்றிருக்குமா, சொல்லுங்க.

இன்னும் சிலர், "விசுவாசம் போதலை, அதான் கால் சரியாகலை" என்பாங்க. பவுல் தன் உடம்பில் இருந்த முள் நீங்கணும்னு மூணு தடவை வேண்டிக்கிட்டார். அது நீங்கலை. தாங்குறதுக்கான கிருபைதான் கிடைத்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவுன்னு யாராவது சொல்வோமா?

எனக்கு ரொம்பப் பிடிச்சவர் பர்திமேயு. எரிகோ சாலை ஓரத்தில் பிச்சை கேட்டு உட்கார்ந்திருந்த பார்வையற்றவர். அவர் சத்தம் போட்டதும் கூட்டம் அதட்டி அடக்கப் பார்த்தது. இயேசு நின்றார், அவரைக் கூப்பிடச் சொன்னார். வந்தவரிடம், நான் உனக்கு என்ன செய்யணும்னு கேட்டார். பார்த்தாலே தெரியாதா அவருக்கு என்ன வேணும்னு? தெரிஞ்சும் கேட்டார். அந்த மனுஷன் வாயாலேயே சொல்லட்டும்னு காத்திருந்தார். நாம கேட்கிறோமா? "அவளால வங்கிக்கு அலைய முடியாது, பிரதிநிதி பொறுப்பு வேண்டாம்" என்று நாமே முடிவு கட்டிடுறோம்.

மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரரை நாலு பேர் தூக்கிட்டு வர்றாங்க. வாசலில் கூட்டம். அவங்க திரும்பிப் போகலை, கூரையைப் பிரிச்சு இறக்கினாங்க. அவங்க விசுவாசத்தை இயேசு பார்த்தார்னு எழுதியிருக்கு. அங்கே விசுவாசம்னா நாலு பேர் கைவேலைதான்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தாங்க. 1954-இல் ஒரு விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்து போச்சு. அதுக்கப்புறம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செஞ்சாங்க. பிறகு அங்கே மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவை வளர்த்தெடுத்தாங்க. கூட இருந்தவங்க வழிவிட்டதும் அந்தக் கைகளுக்கு வேலை கிடைத்தது.

நம்ம குழுக்களில் செய்யக்கூடியது மூணு.

மாடியில் நடக்கிற கூட்டத்தைத் தரைத்தளத்துக்கு மாத்துங்க. நாம பிரிக்க வேண்டிய கூரை அதுதான். காது கேட்காத சகோதரி இருந்தால், அவங்க முகத்தைப் பார்த்துப் பேசுங்க. தீர்மானத்தை எழுதிக் காட்டிட்டுக் கையெழுத்து வாங்குங்க.

சாதாரணக் குழுவுக்குப் பத்துப் பேராவது வேணும். மாற்றுத்திறனாளிகள் குழு என்றால் 5 பேர் போதும். 2016-ஆம் வருஷச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சேர்த்திருக்கு. உங்க தெருவில் அடையாள அட்டை வாங்காமல் யாராவது வீட்டுக்குள்ளேயே இருந்தால், முகாமுக்குக் கூட்டிட்டுப் போங்க.

கடைசியா, மாற்றுத்திறனாளிப் பிள்ளையை வச்சிருக்கிற தாய் கூட்டத்துக்கு வரலைன்னா, அபராதம் போடுறதுக்கு முன்னாடி வீட்டுக்குப் போய், "அக்கா, நாங்க என்ன செய்யணும்?" என்று கேளுங்க. கேட்டுட்டு, பதில் வரும்வரை உட்காருங்க.

கடவுள் நம்ம எல்லாரையும் ஆசீர்வதிப்பாராக.