துரை கட்டிய கோட்டை



லக்கலப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். மண் சுவர்; மேலே வைக்கோலோ இலுக்குப்புல்லோ வேய்ந்த சரிவான கூரை. குனிந்துதான் நுழைய வேண்டும், இறவாரம் அவ்வளவு தாழ்ந்திருக்கும். நக்கிள்ஸ் மலை மழைக்கு அதுதான் சரி. தண்ணீர் நின்றால் புல் அழுகும், சாரல் அடித்தால் சுவர் கரையும்.

அதே கண்ணோடு ஹப்புத்தளை அடிஷாம் பங்களாவைப் பார்ப்போம். கட்டியவர் சர் தோமஸ் வில்லியர்ஸ். இங்கிலாந்துப் பிரதமராயிருந்த ஜோன் ரஸ்ஸல் பிரபுவின் பேரன். 1887இல் தோட்டத் தொழில் பழக வந்தவர், பிறகு கொழும்பில் பெரிய வணிகரானார். கென்ட் பகுதியிலுள்ள லீட்ஸ் கோட்டையை மனத்தில் வைத்துக் கட்டிய வீடு, 1931இல் முடிந்தது. அடிஷாம் என்பதும் கென்டில் உள்ள ஒரு கிராமத்தின் பெயர்தான்.

சுவர் முழுக்கச் செதுக்கிய கருங்கல். கதவு, படிக்கட்டு எல்லாம் பர்மாத் தேக்கு. கூரையிலும் ஓடு கிடையாது. தேக்குச் சில்லுகளை மீன் செதில் மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். மரக்கூரைக்கும் புல்கூரைக்கும் விதி ஒன்றே: சரிவு குறைந்தால் ஒழுகும். உள்ளே கணப்பு அடுப்பு, மேலே புகைபோக்கி. மார்கழிக் குளிரில் ஹப்புத்தளையில் இருந்தவர்கள் அதை வீண் என்று சொல்லமாட்டார்கள்.

ஜன்னல் டியூடர் பாணி; அதுதான் எனக்கு ஒப்பவில்லை. டியூடர் காலத்தில், அதாவது 16ஆம் நூற்றாண்டில், பெரிய கண்ணாடி வார்க்கத் தெரியாது. சிறு துண்டுகளைச் சட்டத்தில் கோர்த்து, நடுவே கல் தூண் நிறுத்தினார்கள். 1931இல் அந்தக் கஷ்டம் யாருக்கு இருந்தது? பெரிய கண்ணாடி கடையில் கிடைத்தது. இருந்தும் கட்டம் கட்டமாகவே வைத்தார்கள். பழைய பரம்பரை வீடு என்று தோன்ற வேண்டுமே!

இங்கிலாந்தில் இப்படிப்பட்ட மாளிகையைச் சுற்றிக் குடியானவர் கிராமம் இருக்கும். நம் மலைநாட்டிலும் அந்த ஒழுங்கு வந்தது. மேட்டில் துரை பங்களா, பள்ளத்தில் தொழிலாளர் லயம். லயக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. ஒரு குடும்பமே அதற்குள். தோட்ட பங்களாக்களின் கட்டடக்கலையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் லயத்தை விட்டுவிடுகிறார்கள். இரண்டும் ஒரே திட்டத்தில் எழுந்தவை.

அடிஷாம் இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். வார இறுதியிலும் போயா நாளிலும் வரவேற்பறையும் நூலகமும் பார்க்கலாம். துறவிகள் செய்யும் ஜாமும் அங்கே கிடைக்கும்.